சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

செகந்திராபாத்தில் அந்தப் பள்ளி மைதானத்துக்கு நான் போனபோது வெயில் இன்னும் ஏறவில்லை. ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் 200 மீட்டர் ஓடுபாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் பிள்ளைகளுக்குப் போட்டி. மாலையில் இவர்களுக்கும் இவர்கள் குடும்பத்தாருக்கும் பாராட்டு. சால்வை வாங்கப் போகிறவர்களே குனிந்து கோடு போட வேண்டுமா என்று கேட்டேன்.

"வேற யாரு தம்பி போடுவா? மெஷின் வச்சு இழுக்க ஆள் இருக்கு. கணக்கு தெரிஞ்ச ஆள்தான் இல்லை" என்றார் அவர்களில் மூத்தவர். கன்டோன்மென்ட் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழர். என்னிடம் தமிழ், பக்கத்தில் ஆணி பிடித்திருந்தவரிடம் தெலுங்கு, கயிறு இழுத்த பையனிடம் உருது என்று மாறி மாறிப் பேசினார்.

அந்தக் கணக்கைக் கேட்டு எழுதிக்கொண்டேன். நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 40 மீட்டர். இரண்டும் சேர்ந்து 80. மிச்சமுள்ள 120 மீட்டர் இரண்டு அரைவட்டங்களிலிருந்து வர வேண்டும். அதை இரண்டு மடங்கு பை (π) என்ற எண்ணால் வகுத்தால் ஆரம் 19.10 மீட்டர். ஆனால் கயிற்றை 19.10இல் பிடித்துக் கோடு போடக் கூடாது. ஓடுகிற பிள்ளை கோட்டின் மேல் ஓடுவதில்லை. கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளித்தான் தூரம் கணக்காகிறது. ஆகவே கயிறு 18.90 மீட்டர். உள்விளிம்பில் கட்டை வைத்த பாதை என்றால் 20க்குப் பதில் 30 செ.மீ. கழிக்க வேண்டும். இந்த 20 செ.மீ.யை மறந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டர் கூடிவிடும். பந்தயத்தில் யாருக்கும் தெரியாது. நேரம் மட்டும் மோசமாக வரும். மாநிலப் போட்டிக்குத் தகுதி நேரம் வைத்திருந்தால் அந்தப் பிள்ளை வீட்டோடு நிற்கும்.

செங்கோணத்துக்குக் கருவி ஏதும் கிடையாது. 3, 4, 5 மீட்டரில் கயிற்றை முக்கோணமாக இழுத்துப் பிடித்தார்கள். மூலை சரியாக வந்துவிட்டது. பிறகு ஸ்டாகர், அதாவது வெளிப் பாதைக்காரர் எவ்வளவு முன்னால் நின்று புறப்பட வேண்டும் என்ற அளவு. பாதையின் அகலம் 1.22 மீட்டர். கட்டை இல்லாத இந்தப் பாதையில் முழுச் சுற்று ஓட்டத்துக்கு இரண்டாம் பாதை 7.67 மீட்டர் முன்னால் தொடங்க வேண்டும். 200 மீட்டர் பாதையானாலும் 400 மீட்டர் பாதையானாலும் இந்த எண் மாறாது. பெரியவர் தாளைப் பார்க்கவே இல்லை.

வேலை முடிந்ததும் கைகளைக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார்கள். நீர்பட்ட சுண்ணாம்பு விரல் இடுக்கை அரித்துவிடும். காற்றடித்தால் கண்ணுக்குள் போகும். இப்போது பல இடங்களில் சாக்பீஸ் தூள் வந்துவிட்டது. இவர்கள் காலத்தில் சுண்ணாம்புதான்.

போட்டி தொடங்கியது. துப்பாக்கிக்குப் பதில் மரக் கிளாப்பர். முடிவுக் கோட்டில் நேரக் காப்பாளர்கள் மூவரும் கிளாப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தத்துக்குக் காத்திருந்தால் கெட்டது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 100 மீட்டர் தாண்டி வர 0.3 வினாடி ஆகிவிடும். அந்த 0.3 வினாடியை ஓடுகிற பிள்ளைக்கு இனாமாகக் கொடுத்ததாக ஆகும். அதனால் பலகை இரண்டும் சேர்வதைக் கண் பார்க்க வேண்டும், கட்டைவிரல் அழுத்த வேண்டும். மூன்று கடிகாரத்தில் இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம்; மூன்றும் வேறானால் நடுவிலுள்ளது. 13.21 என்று காட்டினால் 13.3 என்று மேல்நோக்கித்தான் எழுதுவார்கள். முடிவுக் கோட்டில் தலையும் கையும் கணக்கில் வராது, உடற்பகுதி தாண்ட வேண்டும். பதின்மூன்று வயதுப் பையன்கள் கையை நீட்டிக்கொண்டு விழுகிறார்கள். இந்தப் பெரியவர்கள் மார்பை மட்டும் பார்க்கிறார்கள்.

பள்ளி ஆசிரியர்கள் மைதானத்துக்காக உழைப்பது ஹைதராபாத்துக்குப் புதிதல்ல. இந்தியக் கால்பந்தின் பெரிய பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் இந்த ஊர்ப் பள்ளி ஆசிரியர். 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். அவர் பயிற்சியில் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951 டெல்லி, 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டிகளில் இந்தியாவுக்குத் தங்கம். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஜகார்த்தாவுக்குப் போனபோது அவருக்கு நுரையீரல் புற்றுநோய். 1963 ஜூனில் காலமானார். அவர் மகன் சையத் ஷாகித் ஹக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தவர், விமானப்படை அதிகாரி. பிறகு பிஃபா நடுவரானார். 2017இல் தியான் சந்த் விருது பெற்றார். 2021 ஆகஸ்டில் மறைந்தார். தந்தை வாத்தியார், மகன் நடுவர். மைதானத்து வேலை ஒரு வீட்டுக்குள் இறங்கி வந்ததற்கு இதைவிட நல்ல சான்று இந்த ஊரில் இல்லை. ரஹீமைப் பற்றி 2024இல் திரைப்படமே வந்துவிட்டது. மண்டலப் போட்டியில் கடிகாரம் பிடித்தவர்களைப் பற்றி ஒரு துண்டுச் செய்திகூட வருவதில்லை.

மதியம் நிழலில் சாப்பிட உட்கார்ந்தபோது பெரியவரின் மனைவி வந்து சேர்ந்தார். "இவருக்கு ஆகஸ்டுல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் ஞாயித்துக்கிழமையே கிடையாது தம்பி. தீபாவளிக்கு முந்தின நாள் வந்து நின்ன வருஷமும் உண்டு" என்றார். வெள்ளைச் சட்டை வெள்ளைப் பேன்டில் ஒட்டிய செம்மண்ணை ஊறவைத்துத் துவைத்தது அவர். அதைவிடப் பெரிய வேலை ஒன்றைச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தோத்த பிள்ளையோட அப்பா வீட்டு வாசலுக்கே வந்துடுவாரு. இவர் பின்னால குளிச்சிட்டிருப்பாரு. நான்தான் டீ போட்டுக் குடுத்து உக்கார வைப்பேன்."

இவர்கள் மகளும் ஓட்டக்காரி. அவள் ஓடும் பந்தயம் வந்தால் அப்பா கடிகாரத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நீளந்தாண்டும் குழிப் பக்கம் போய்விடுவாராம். "என் பொண்ணு ஜெயிச்சதை ஒரு தடவைகூட நான் கோட்டுல நின்னு பார்த்ததில்ல" என்றார். மனைவி குறுக்கே வந்தார்: "நான் பார்த்தேன்ல. வீட்டுக்கு வந்து சொன்னேன்ல."

பக்கத்தில் ஒரு பெண் ஆசிரியை, தெலுங்குக்காரர். கோகோ நடுவராக நெடுங்காலம் இருந்தவர். துரத்துகிறவள் தொட்டு 'கோ' சொல்வதற்கு முன்பே உட்கார்ந்திருப்பவள் எழுந்தால் பிழை. அந்தக் கண்ணிமைப் பொழுதைப் பிடிப்பதுதான் தன் வேலை என்று விளக்கினார். வெளியூர்ப் போட்டிக்குப் பெண்பிள்ளைகளோடு ஒரு பெண் ஆசிரியர் போயாக வேண்டும். அந்த நாட்களில் அடுப்பையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டது ரயில்வேயில் வேலை பார்த்த கணவர். உறவினர் கேலி செய்தார்களாம். அவர் பதில் சொல்லாமல் விடியற்காலை ஸ்கூட்டரில் மனைவியைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார். போட்டி நடக்கும் இடத்தில் பெண் நடுவருக்குக் கழிப்பறை இருக்காது என்பதால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த கதையையும் அந்த அம்மா சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

மாலை விழாவில் ஒரு நல்ல முறை பார்த்தேன். ஆசிரியரின் பெயரோடு மனைவி அல்லது கணவர் பெயரையும் ஒலிபெருக்கியில் அழைத்தார்கள். இரண்டு நாற்காலி, இரண்டு சால்வை. அந்த ரயில்வேக்காரர் மேடை ஏறியபோதுதான் கைதட்டல் அதிகம். பழைய மாணவர்கள் பலர் நரைத்த தலையோடு வந்திருந்தார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்களும் அவர்களில் உண்டு. அவர்களின் சான்றிதழுக்கு அடியில் இருப்பது இந்த மேடையில் நின்றவர்களின் கையெழுத்து.

வீரருக்கு அர்ஜுனா, பயிற்சியாளருக்குத் துரோணாச்சாரியா. நடுவருக்கென்று தேசிய அளவில் தனி விருது இல்லை. அது வரும்போது வரட்டும். பள்ளிகளே செய்யக்கூடியவை உண்டு. விளையாட்டு விழா நடத்தும் தலைமை ஆசிரியர்கள் முடிவுக் கோட்டருகே ஒரு நிழற்பந்தல் போடுங்கள். பெண் நடுவர்களுக்குத் தாழ்ப்பாளுள்ள கழிப்பறையைத் திறந்துவிடுங்கள். நடுவர் படியை அன்று மாலையே கையில் கொடுங்கள். பில்லுக்காக அலைய விடாதீர்கள். பாதை போடும் கணக்கை ஓய்வு பெற்றவர்களிடமிருந்து இளைய ஆசிரியர்கள் இந்த ஆண்டே கற்றுக்கொள்ளட்டும். பாராட்டு விழா வைத்தால் வீட்டிலிருப்பவரையும் பெயர் சொல்லி அழையுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: முடிவில் சந்தேகம் வந்தால் மைதானத்தில் முறையீடு எழுதிக் கொடுங்கள், அவர் வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள்.