நான் போட்ட ஒரு கையெழுத்து

டீச்சர் இப்போது டொராண்டோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் பேத்தி, தான் படிக்கும் டொராண்டோ பல்கலைக்கழகத்தைக் காட்ட அழைத்துப் போனாள்.

பட்டமளிப்பு மண்டபத்துக்கு எதிரே பெரிய புல்வெளி. அதைச் சுற்றி ஓடும் வட்டச் சாலைக்கு கிங்ஸ் காலேஜ் சர்க்கிள் என்று பெயர். சில ஆண்டுகளுக்கு முன்வரை அந்த வட்டம் முழுக்கக் கார்கள்தான் நிற்குமாம். இப்போது கார்களைப் புல்வெளிக்கு அடியில் இறக்கிவிட்டார்கள். அதற்கும் கீழே சுமார் 250 மீட்டர் ஆழத்துக்குக் குழாய்கள். கோடை வெப்பத்தை நிலத்தில் சேர்த்து, குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்க எடுத்துக்கொள்கிறார்கள். மேலே மரங்கள், கல் பாவிய நடைபாதை, இருக்கைகள். பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து படிக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள்.

பக்கத்தில்தான் செயின்ட் ஜார்ஜ் தெரு. 1990களில் அந்தத் தெருவைக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கி மரம் நட்டார்கள். அதற்கு 10 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கி வைத்தவர் ஜூடி மாத்யூஸ். அங்கே படித்த முன்னாள் மாணவி. முதலில் தன் பெயரைக்கூட வெளியே சொல்லவில்லை.

அதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. நம் பள்ளிதான் நினைவுக்கு வந்தது.

வாசல் கேட்டிலிருந்து ஒன்பது மரங்கள் வரிசையாக நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. ஆறு வேம்பு, மூன்று புங்கை. அவற்றின் அடியில் வாய்ப்பாடு ஒப்பித்தீர்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து பங்கு போட்டுக்கொண்டீர்கள். புதுக் கட்டடம் வரை வண்டி போகவேண்டும் என்று சிமெண்ட் ரோடு போட்டார்கள். யார் வெட்டினார்கள் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். நானும் மழுப்பியிருக்கிறேன். அனுமதி கேட்ட கடிதத்தில் தலைமையாசிரியை என்று கையெழுத்திட்டவள் நான்தான். கொஞ்சம் வளைத்துப் போடலாமே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நாளைக்கு எங்கே உட்கார்ந்து சாப்பிடறது?" என்று கேட்டாள். "வராந்தாவில்" என்றேன். அந்த வராந்தாவில் இருபது பேர்கூட உட்கார முடியாது.

ஜனவரி சந்திப்பில் பள்ளிக்கு அலங்கார வளைவும், வாசலில் பேவர் பிளாக்கும் போட்டுத் தரப் போவதாகக் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மனசு பெரிது. ஆனால் டீச்சருக்கு ஒரு விண்ணப்பம். வளைவு வேண்டாம். வண்டிகள் கேட்டின் ஓரமாகவே நிற்கட்டும். உள்ளே இருக்கும் அறுபது அடி சிமெண்டைப் பெயர்த்தால் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். வேம்பும் புங்கையும் திரும்ப வைப்போம். நடுவே நடக்க ஒரு பாதை, இருபுறமும் கல் பெஞ்சு. இப்போதைய தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் முறைப்படி அனுமதி வாங்கிக்கொள்ளலாம். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைப்பதுதான் முக்கியம். நட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் எல்லாம் பட்டுப்போகும்.

என் பங்காக ஒரு மாத ஓய்வூதியம். மார்கழியில் ஊருக்கு வந்துவிடுவேன். முதல் குழியை நான் தோண்டுகிறேன்; முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் மண்வெட்டியை யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்.

யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள், கண்ணுகளா.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்