எந்தத் தெரு, யாரு வீடு?

மே 11

சாமான் லாரி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தால், பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் உள்ளே ஏறியிருந்தன. யார் இறக்கியது என்று கேட்டேன். "வளவுப் பயலுவதான்" என்றார் அத்தை. கூலி எவ்வளவு கொடுத்தீர்கள் என்றதற்கு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "காப்பி போட்டுக் குடுத்தேன்."

பெரம்பூரில் ஏற்றும்போது ஆளுக்கு இவ்வளவு, மாடிக்கு இவ்வளவு, ஃப்ரிட்ஜுக்குத் தனியாக இவ்வளவு என்று பேசி, கடைசியில் டீக்காசும் கொடுத்தோம். அதோடு அவர்களுக்கும் எங்களுக்கும் தீர்ந்தது. இந்தக் காப்பிக் கணக்கு எங்கே போய் முடியுமோ.

ஊருக்கே திரும்பிவிட்டோம் என்று இவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். திரும்பியது இவர்தான். நான் பிறந்தது, படித்தது, வேலைக்குப் போனது எல்லாம் பெரம்பூர், ஓட்டேரி, அயனாவரம். அம்பாசமுத்திரம் பக்கம் இந்த ஊருக்குத் தீபாவளி, கொடை, கல்யாணம் என்று வந்து போயிருக்கிறேன். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து இப்போதுதான் புக்ககம் வந்திருக்கிறேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நல்ல காற்றுக்காகப் போகிறீர்கள், கொடுத்து வைத்தவர்கள் என்று சிநேகிதிகள் சொன்னார்கள். யாரும் காற்றுக்காக வரவில்லை. மாமா போனபிறகு அத்தை தனியாக இருக்கிறார். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. பெரம்பூருக்கு வர மாட்டேன் என்றுவிட்டார். இவருக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலை. எனக்கு மெய்ப்புத் திருத்துகிற வேலை, அதை எங்கே உட்கார்ந்தும் பார்க்கலாம். வாடகையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தன. இவ்வளவுதான் காரணம்.

மே 19

தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று நீளவாக்கில் ஓடுகிற வீடு. மேலே மரப்படி வைத்த மச்சு. போனில் சிக்னல் மச்சில் மட்டும்தான் நிற்கிறது, அதனால் என் மேசையும் அங்கேதான். அங்கே கிடந்த நெல் குதிரை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மதியத்தில் ஓட்டுச் சூடு தாங்கவில்லை. காலை ஐந்து மணிக்கே வேலையை ஆரம்பித்துவிடுகிறேன்.

மே 27

தெருவில் இறங்கினால் ஒரு கேள்வி வருகிறது. "எந்தத் தெரு? யாரு வீட்டுக்கு வந்திருக்கிய?" மாமா பேரைச் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடுகிறது. "ஓ, வாத்தியார் மருமவளா! மெட்ராஸ்ல இருந்தியள்லா?" அதன்பிறகு அரைமணி நேரம். என் பெயரை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

குழாய் ரிப்பேர்காரரை நான் போனில் கூப்பிட்டேன். வருகிறேன் என்றார், வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் வருகிறேன் என்றார். அத்தை கோயிலுக்குப் போகிற வழியில் அவருடைய அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். சாயங்காலம் ஆள் வந்து நின்றார். "வாத்தியார் வீடுன்னு சொல்லப்படாதா மதினி?" என்று என்னைத்தான் குறை சொன்னார்.

ஜூன் 4

பள்ளிக்கூடம். இந்த மாற்றலில் என்னைத் தூங்கவிடாமல் வைத்தது இதுதான். மூத்தவள் ஐந்து முடித்தது சென்னையில், சி.பி.எஸ்.இ. பள்ளியில். இங்கேயும் வேன் வைத்து அழைத்துப்போகிற அப்படிப்பட்ட பள்ளி உண்டு. அதில்தான் சேர்ப்பது என்று நானும் இவரும் பேசி முடித்திருந்தோம்.

பக்கத்து வீட்டு மதினி பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலையைச் சுருட்டுகிற கை நிற்காமல் கேட்டார்: "ஆறாங்கிளாஸ்தான? இப்பம் கவர்மெண்டுல சேத்தாத்தான் கணக்கு. ஏழுல சேத்தா ஒண்ணும் கெடையாது, தெரியும்லா?"

எனக்குத் தெரியாது. மதினி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020இல் வந்த சட்டம். அடுத்த வருஷமே அதைப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று விரித்தார்கள். பெண்பிள்ளை என்றால் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். மதினியின் மகள் அந்தப் பணத்தில்தான் நர்சிங் படிக்கப் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சமாளிக்கிறாள். பெரம்பூரில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எத்தனையோ பேசினோம், அபாகஸ் உட்பட. இதை ஒருவரும் சொன்னதில்லை.

அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவில் சேர்த்துவிட்டோம். டி.சி. கையில் இருந்தால் மட்டும் போதாது, பழைய பள்ளி எமிஸ் தளத்தில் இவளைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்க வேண்டும். "காமன் பூல்ல விட்டாச்சா?" என்று இங்கே கேட்பதும், "விடுகிறோம் மேடம்" என்று அங்கே சொல்வதுமாகக் கொஞ்ச நாள் ஓடியது.

சேர்க்கை முடிந்து கிளம்பும்போது தலைமையாசிரியை மூத்தவளின் கையைப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டில் கோயில் கயிறு. "இதைக் கழற்றிவிட்டு அனுப்புங்கம்மா. எந்தக் கயிறும் வேண்டாம்." காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்குநேரி இங்கிருந்து தொலைவில்லை. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு மாணவனையும் அவன் தங்கையையும், அவனோடு ஒரே பள்ளியில் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டி வருவதைத் தடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. சென்னையில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருந்தேன். இன்று என் மகள் கையிலிருந்து கயிற்றை வெட்டினேன்.

ஜூன் 26

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கார் சாகுபடிக்கு நாற்றங்கால் போடுகிறார்கள். ஆனியில் கார், ஐப்பசியில் பிசானம் என்று வருஷத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது இந்த ஆறு. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேர்வதற்குள் இதன் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால்கள். காலையில் டீக்கடையில் ஷேர் மார்க்கெட் மாதிரி விசாரிக்கிறார்கள்: "பாவநாசம் எத்தன? சேர்வலாறு எத்தன? மணிமுத்தாறு?" பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று மொத்த உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இவரும் பேச ஆரம்பித்துவிட்டார். எங்களுக்கு வயல் கிடையாது, மாமா காலத்திலேயே விற்றாயிற்று.

சின்னவன் இரண்டாம் வகுப்பு, தெருக்கோடி உதவிபெறும் பள்ளியில். கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலையிலிருந்து காலை உணவு உண்டு. அவன் அங்கேயே பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டுக்கொள்கிறான். அத்தைக்கு இது பெரிய வருத்தம். "நான் இருக்கும்போது பிள்ள பள்ளிக்கூடத்துல போயி சாப்பிடணுமா?" இரண்டு நாள் தோசை வார்த்து உட்கார வைத்துப் பார்த்தார். "போங்க ஆச்சி, எல்லாரும் அங்கதான் இருக்காங்க" என்று ஓடிவிட்டான்.

ஜூலை 15

செலவுக் கணக்குப் பார்த்தோம். வாடகை, பள்ளிக் கட்டணம் இரண்டும் இல்லை. இன்வெர்ட்டர் வாங்க வேண்டியதாயிற்று. ஆடிக்காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, இவருக்குப் பெட்ரோல் எகிறுகிறது. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் என்றால் பாளையங்கோட்டைக்குப் போய் வர ஒரு நாள் போகும். ஆனால் அத்தைக்கு மாதா மாதம் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

மிச்சம் இருக்கிறது, நினைத்த அளவு இல்லை. இன்னொரு தலைப்பில் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. அதைப் பிறகு எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 9

இன்று துஷ்டி வீட்டுக்குப் போனேன். சாமான் இறக்கிய பையன்களில் ஒருவனின் தாத்தா. நான் அவரைப் பார்த்ததே இல்லை. இரவுக்குள் முடிக்க வேண்டிய மெய்ப்பு ஒன்று இருந்தது. "நீங்க போயிட்டு வாங்க அத்தை" என்றேன். அத்தை சேலையை மாற்றிக்கொண்டே சொன்னார்: "கல்யாணத்துக்குப் போவலன்னா மறந்துருவாவ. துட்டிக்குப் போவலன்னா மறக்க மாட்டாவ."

போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. பெரம்பூரில் எங்கள் குடியிருப்பில் யாராவது இறந்தால் லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். கீழே இறங்கிப்போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு ஆபீஸுக்குப் போய்விடுவோம். இங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, அத்தை நேரே போய் அந்த வீட்டு ஆச்சியைக் கட்டிக்கொண்டார். நான் பின்னால் நின்றேன். ஒரு பெண் கையைப் பிடித்து என்னைக் கீழே உட்கார வைத்தாள். கொஞ்ச நேரம் அழுகை, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு மெட்ராஸ்ல எங்க?" என்று விசாரணை. ஒருத்தி என் சம்பளத்தைக் கேட்டாள். இன்னொருத்தி, ஏன் இரண்டு பிள்ளைகளுக்கும் இவ்வளவு இடைவெளி என்று கேட்டாள். சாவு வீட்டில், பிணத்தை வைத்துக்கொண்டு.

எரிச்சலாகத்தான் இருந்தது. எழுந்து போக வழியில்லாததால் பதில் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து புறவாசலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு மெய்ப்பில் உட்கார ராத்திரி பத்தாகிவிட்டது.

செப்டம்பர் 20

மூத்தவளோடு கணக்குப் போட ஒரு தோழி வந்தாள். அத்தை அவளைத் தார்சாவிலேயே உட்காரச் சொன்னார். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னாள். தண்ணீர் கொடுத்தார், வழக்கமான செம்பில் இல்லை, ஜன்னலில் கவிழ்த்திருந்த ஒரு டம்ளரில்.

இந்தக் கேள்வியால்தான் எனக்குக் குழாய் ரிப்பேர்காரர் வந்தார். சாமான் கூலியில்லாமல் இறங்கியதும் இதனால்தான். மே மாதம் முழுக்க இதை நான் வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறேன்.

சென்னை மட்டும் கேட்கவில்லையா என்று இவர் வாதாடுகிறார். கேட்டதுதான். வீடு பார்க்கப் போனபோது முதலில் பெயர், பிறகு அப்பா பெயர், பிறகு கறி மீன் சமைப்பீர்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டார்கள். ஆனால் அங்கே அடுத்த தெருவில் வேறு வீடு பார்க்க முடிந்தது. இங்கே அந்தப் பெண்ணுக்கு அடுத்த தெரு எது?

அத்தையிடம் சொன்னேன், மெதுவாக இல்லை. "நீ சொல்லுத, கேட்டுக்கிடுதேன். நாளைக்கு வளவுல நாலு பேரு கேட்டா யாரு பதில் சொல்லது?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். பதில் பேசாமல் எழுந்து போனார். அடுத்த முறை அந்தப் பெண் வந்தபோது மூத்தவள் அவளை மச்சுக்குக் கூட்டிப்போனாள். பட்டாசலைக் கடந்துதான் போக வேண்டும். அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த டம்ளர் இன்னும் ஜன்னலில்தான் இருக்கிறது, நான் இரண்டு தரம் அடுக்களையில் கொண்டு வைத்தும்.

அக்டோபர் 29

ஜூலையில் விட்ட கணக்கு: மொய். ஐப்பசி முகூர்த்தம் தொடங்கிவிட்டது. அத்தை பீரோவிலிருந்து மொய் நோட்டை எடுத்துக் கொடுத்து, இனி நீ பார்த்துக்கொள் என்றார்.

நான் திருத்திய எந்தப் புத்தகத்திலும் இத்தனை விஷயம் இருந்ததில்லை. மாமா, அத்தை கல்யாணத்தில் தொடங்கி இவருடைய அக்கா சடங்கு, கல்யாணம், எங்கள் கல்யாணம் வரை. ஊர், பெயர், தொகை. பழைய பக்கங்களில் ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய், ஒருவர் எவர்சில்வர் போணி. திருப்பிச் செய்தவற்றின் மேல் மாமா சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார். வாங்கிய அளவே திருப்பிச் செய்தால் கணக்கை முடித்துக்கொண்டோம் என்று அர்த்தமாம். கொஞ்சம் கூட வைத்தால் உறவு நடக்கிறது. அதனால் யாரும் சரியாகத் திருப்புவதில்லை.

கோடு விழாத பெயர்கள் நிறைய. "இவிய மகளுக்கு வர்ற கார்த்திகையில கல்யாணம். பத்து வருசம் முந்தி ஐநூறு. இப்பம் நாம என்ன செய்யணும்?" என்று அத்தை என்னிடம் கேட்டார். என்னிடம்! தங்கம் விற்கிற விலையை எல்லாம் சொல்லி ஒரு தொகையில் வந்து நின்றோம்.

டிசம்பர் 2

நேற்றிலிருந்து மழை ஓயவில்லை. அம்மா பெரம்பூரிலிருந்து போன் செய்து, இங்கே தெருவில் முழங்கால் தண்ணீர், நீ தப்பித்தாய் என்றாள். 2023 டிசம்பர் 4இல் சென்னையை மிக்ஜாம் புயல் முக்கியபோது அவள் இப்படிச் சொல்லியிருந்தாலும் அது இரண்டு வாரத்துக்குத்தான் செல்லும். 17, 18 தேதிகளில் வானம் தெற்கே வந்து கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை மறந்து ஓடியது. இந்த வீட்டுத் தார்சா சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் தெரிகிறது, மாமா சுண்ணாம்பு அடிக்க விடவில்லை.

சாயங்காலம் பாபநாசம் 139 என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மச்சுக்கு ஏற்ற ஆரம்பித்தோம். நான் சர்ட்டிஃபிகேட், ஆதார், போன மாதம்தான் முகவரி மாறி வந்த ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டேன். அத்தை மொய் நோட்டைக் கொண்டுவந்து, இரண்டு பாலிதீன் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டு நீட்டினார். இதை முதலில் வை என்றார். "டிவியத் தூக்கலையா ஆச்சி?" என்றான் சின்னவன். "அதக் கடையில தருவான்" என்றார்.

மணிமுத்தாறு 112 என்று இப்போது ஒரு செய்தி. அரிசி மூட்டையை ஏற்ற வளவுப் பையன்கள் வந்துவிட்டார்கள். காப்பி போட வேண்டும், மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.