பன்னீர் திராட்சையும் பீடியும்

கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சாலையோரமெல்லாம் பந்தல் பந்தலாய்ப் பன்னீர் திராட்சை. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடக்கும். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனாலும் பழத்தைக் கையில் எடுத்ததும் பலர் கேட்பது, "மருந்து அடிச்ச பழமாச்சே, கேன்சர் வராதா?" என்பதுதான். கேட்கிறவர் கையிலேயே ஒரு பீடி புகைந்துகொண்டிருந்தால்? (சிரிக்காதீர்கள், எந்த டீக்கடையிலும் பார்க்கலாம்!)

இந்தக் கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் புரூஸ் ஏம்ஸ் (1928–2024) என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1970களில் அவர் உருவாக்கிய சோதனை ரொம்ப எளிமையானது. ஹிஸ்டிடின் என்ற சத்தைத் தானே தயாரிக்க முடியாத சால்மோனெல்லா பாக்டீரியாவை, அந்தச் சத்து இல்லாத தட்டில் விட வேண்டும். அது வளராது. சந்தேகப்படும் பொருளைச் சேர்த்ததும் புள்ளி புள்ளியாய் நிறைய வளர்ந்தால், அந்தப் பொருள் டி.என்.ஏ.வை மாற்றியிருக்கிறது என்று அர்த்தம். ஆண்டுக்கணக்கில் எலிகளை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு முன், இரண்டே நாளில் ஒரு எச்சரிக்கை மணி!

இந்தத் தட்டு நம் நாட்டிலும் ஒரு நல்ல வேலை செய்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் கல்பகம் பொலாசா, கமலா கிருஷ்ணசாமி குழுவினர் நாள்பட்டுப் புகைபிடிக்கும் 16 பேருக்குத் தினமும் ஒன்றரை கிராம் மஞ்சள் வீதம் 30 நாள் கொடுத்தார்கள். அவர்களுடைய சிறுநீரில் வெளியேறும் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் பொருட்கள் கணிசமாகக் குறைந்தன. புகைபிடிக்காத 6 பேரிடம் மாற்றம் இல்லை. 1992-இல் வெளியான முடிவு இது. ஒன்றரை கிராம் என்பது நம் வீட்டுக் குழம்பில் போடுகிற அளவுதான்.

உடனே "மஞ்சள் தின்றால் பீடி குடிக்கலாம்" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். சிறுநீரில் குறைவது வேறு, நுரையீரலில் புற்றுநோய் வராமலிருப்பது வேறு. பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிப்பவர்களை வைத்து பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சோதித்தார்கள். காய்கறியில் இருக்கும் சத்துதானே, காப்பாற்றும் என்று நம்பினார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்!

ஏம்ஸுக்கே வருவோம். 1977-இல் குழந்தைகளின் இரவு உடையில் சேர்த்த ரசாயனத்தை எதிர்த்து எழுதி, சுற்றுச்சூழல்வாதிகளின் நாயகனானவர் அவர். 1990-இல் அதே மனிதர், அமெரிக்கர்கள் உணவோடு உண்ணும் பூச்சிக்கொல்லிகளில் எடைக்கணக்கில் 99.99 சதவீதம் செடிகளே தம்மைக் காத்துக்கொள்ளச் சுரப்பவை என்றார். பழத்தில் ஒட்டியிருக்கும் துளி மருந்துக்குப் பயந்து பழத்தையே விடுவதுதான் பெரிய ஆபத்து என்றார். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. அவர் அசையவில்லை. 1997-இல் அவர் குழுவினர், ஃபோலேட் குறைந்தால் டி.என்.ஏ.வுக்குள் தவறான எழுத்து புகுந்து குரோமோசோம் உடைகிறது என்று காட்டினார்கள். ஃபோலேட் எதில் இருக்கிறது? கீரையிலும் பயறிலும்தான். வாரச்சந்தையில் மலிவாகக் கிடைப்பவை.

ஆக, பழத்தைக் கழுவித் தின்னலாம், பீடியைத்தான் கீழே போட வேண்டும். சரி. ஆனால் ஏம்ஸ் பேசியது தின்கிறவர்களைப் பற்றி. வேலையிடத்தில் அதிக அளவில் ரசாயனம் படுகிறவர்களின் நிலை வேறு என்பது அவருக்கும் தெரியும். கம்பத்துப் பந்தலில் கொடி தலைக்கு மேலே இருக்கிறது. மருந்து அடிப்பவர் கீழே நின்று மேல்நோக்கித்தான் பீச்ச வேண்டும். இலையில் பட்டது போக மிச்சம் அவர் முகத்திலும் தோளிலும் சொட்டுகிறது. வாயைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஹைதராபாத்தில் 16 பேரிடம் செய்த சோதனையை இந்தப் பள்ளத்தாக்கில் செய்வதென்றால், பழம் தின்கிறவரை விட்டுவிட்டு இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.