பொத்தானை அழுத்தினால் சோடா

மகன் வாங்கி வைத்திருக்கும் சோடா மெஷின் சமையலறை மேடையில் குட்டி பிரிட்ஜ் மாதிரி நிற்கிறது. (விலையைக் கேட்டேன், சொல்லவில்லை.) தண்ணீரைத் தானே குளிர வைத்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவைக் கலந்து ஊற்றுகிறது.

"எதுக்கு தாத்தா முதல்ல ஜில்லுனு ஆக்குது?" என்றாள் பேத்தி. குளிர்ந்த தண்ணீரில்தான் வாயு நன்றாகக் கரையும் என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, அப்பா சொன்னது.

அப்பா கோலி சோடா போட்டவர். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. தண்ணீர் நிரப்பி, மெஷினில் மாட்டி, வாயுவை ஏற்றிக் கையால் சுற்றுவார். கவிழும்போது கோலி கழுத்துக்கு வந்து விழும். உள்ளே இருக்கும் அழுத்தம் அதை ரப்பர் வளையத்தோடு இறுக்கிவிடும். கோடையில் மண்பானைத் தண்ணீரை வைத்து விடியற்காலையில்தான் போடுவார்.

அப்படியும் ஒரு சித்திரையில் பாட்டில் வெடித்து இடது கண்ணில் சில்லு பாய்ந்தது. மூன்றாம் வாரமே மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டியிருந்தது.

பேத்தி டம்ளரை நீட்டினாள். சர்க்கரைக்காரன் எனக்கு வெறும் சோடாதான். மெஷின் உஸ்ஸென்று ஊற்றும்போது நான் இன்னும் ஓரடி தள்ளியே நிற்கிறேன்.