பேத்தியின் ரத்தப் பரிசோதனை

போன ஆடி மாசம். காலடிப்பேட்டை வீட்டுத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கல்லூரியிலிருந்து வந்த பேத்தி ஒரு காகிதத்தை நீட்டினாள். டெஸ்டோஸ்டிரோன் 82. பக்கத்தில், பெண்களுக்கு 70 வரை இருக்கலாம் என்று அச்சடித்திருந்தது. 82ஐ மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"போன்ல பாத்தேன் ஆயா. அது ஆம்பளைங்க ஹார்மோனாம். நான் பொம்பளையே இல்லையா?"

எனக்குக் கை ஓடவில்லை. சாந்தி சௌந்தரராஜன்தான் உடனே நினைவுக்கு வந்தாள். புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சிப் பெண். 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினாள். பாலினச் சோதனை என்று சொல்லி அந்த மாதமே பதக்கத்தைப் பறித்தார்கள். அப்போது முதல்வராக இருந்த கருணாநிதி 15 லட்சம் கொடுத்துக் கௌரவித்தார். ஆனாலும் 2012ல் அவள் செங்கல் சூளையில் வேலை செய்வதாகப் பேப்பரில் படித்தேன். பிறகு பயிற்சியாளர் ஆனாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இதையெல்லாம் பேத்தியிடம் சொல்வேனா? சொல்லவில்லை. திங்கட்கிழமை அவளோடு நானும் ராயபுரத்து டாக்டரம்மாவிடம் போனேன்.

அந்தம்மா சிரித்துவிட்டார். "ஆம்பளைங்களுக்கு 300க்கு மேல இருக்கும்மா. உனக்கு 82. இது எல்லாப் பெண்ணுக்கும் உண்டு. சினைப்பையிலும், சிறுநீரகத்து மேல இருக்கற சுரப்பியிலும் சுரக்குது. இதுலேர்ந்துதான் உடம்பு பெண் ஹார்மோனையே செய்யுது" என்றார். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவளுக்கு இது தெரியாமல் போயிற்றே!

பெண்களிடம் இது கொஞ்சமாக இருப்பதால் பல லேப் மெஷின்கள் சரியாக அளக்காதாம். காலையில், வீட்டுக்கு விலக்கான இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் ரத்தம் கொடுப்பது நல்லதாம். இவள் சாயங்காலம் கொடுத்திருக்கிறாள். ரத்தத்தில் இந்த ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. அது குறைந்தால், மொத்த அளவு சரியாக இருந்தும் தொல்லை வருமாம். அதையும், தைராய்டு, சர்க்கரையையும் சேர்த்து மறுபடி எடுக்கச் சொன்னார். 150, 200 என்று திடீரென ஏறினால்தான் கட்டி ஏதும் இருக்கிறதா என்று அவசரமாகத் தேடுவார்களாம்.

தூத்தி சந்த் என்ற ஒடிசா ஓட்டக்காரியைப் பற்றியும் அவரே சொன்னார். 2014ல் அவளையும் இதே ஹார்மோனைக் காட்டி நிறுத்தினார்கள். அப்போதைய வரம்பு நம் லேப் கணக்கில் ஏறக்குறைய 290. அவள் சும்மா இருக்காமல் சுவிட்சர்லாந்து விளையாட்டு நடுவர் மன்றம் வரை போனாள். இந்த ஹார்மோனால் எவ்வளவு அனுகூலம் கிடைக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2015ல் அந்த விதியை நிறுத்தி வைத்தார்கள். மறு வருஷம் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினாள். பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான். விதி பிறகு வேறு வடிவத்தில் திரும்பி வந்தது, அது தனிக்கதை.

"நீர்க்கட்டி மாதிரி தெரியுது. இந்த ஒரு நம்பரை வெச்சு முடிவு பண்ண மாட்டேன். மாசாமாசம் வருதா, முகத்துல முடி இருக்கா, ஸ்கேன் என்ன சொல்லுது, எல்லாத்தையும் சேர்த்துப் பாக்கணும்" என்ற டாக்டரம்மா, என் பக்கம் திரும்பினார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதாம்மா?"

என் அக்காவுக்கு இருந்தது. நைனா அப்போது ஹார்பரில் கிரேன் ஓட்டினார். பதினாறு வயசில் அக்காவுக்கு மோவாயில் முடி வந்தது. அம்மா குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துப் பூசினாள். தெருப் பிள்ளைகள் மீசைக்காரி என்றார்கள். பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனதோடு சரி. அதற்குப் பிறகு அவள் முந்தானையால் வாயை மூடாமல் வாசலுக்கு வந்ததில்லை. ஐம்பத்தெட்டு வயசில் சர்க்கரை நோய் முற்றி இறந்தாள். எங்கள் வீட்டில் யாரும் இதை வெளியே பேசியதில்லை. நானும்தான்.

"அக்காவுக்கு இருந்துது டாக்டர்" என்றேன். இவ்வளவு வருஷத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் சீட்டில் குறித்துக்கொண்டார். சர்க்கரை வந்ததா என்றும் கேட்டார். இந்த இரண்டும் சேர்ந்து வருவதுண்டாம்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது பேத்தி கேட்டாள், "பெரிய ஆயா போட்டோ இருக்கா?"

ஒன்றே ஒன்று இருக்கிறது. என் கல்யாணத்தில் எடுத்தது. அதிலும் முந்தானைதான்.