ஹார்மோன் ஊசியும் ஒரு வெள்ளைப் பொட்டலமும்

எங்க ஹாஸ்டல் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைன்னா ரெண்டு விஷயம் நிச்சயம். ஒண்ணு, சிக்கன். இன்னொண்ணு, சிக்கனைப் பத்தின சண்டை!

"பிராய்லர்டி அது... நாப்பது நாள்ல ரெண்டு கிலோ எப்படி வரும்? எல்லாம் ஹார்மோன் ஊசி!" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள். "அதனாலதான் இப்பல்லாம் பொண்ணுங்க சீக்கிரமே வயசுக்கு வர்றாங்க" என்று இன்னொருத்தி முடித்து வைப்பாள. அப்புறம் ரெண்டு பேருமே லெக் பீஸுக்காக மறுபடி வரிசையில் நிற்பார்கள் என்பது தனிக்கதை.

இந்தச் சண்டையில் எனக்கு ஒரு ஸ்பெஷல் இடம் உண்டு. காரணம், என் மாமா கோழி வளர்க்கிறவர். பொங்கலூர் பக்கம் தோட்டம். தென்னைக்கு நடுவே நீளமா ஒரு ஷெட், அதில் 5,000 கோழி. கோவையிலிருந்து பல்லடம், உடுமலை பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் நீங்களும் இந்த மாதிரி ஷெட்டுகளை வரிசையாகப் பார்த்திருப்பீர்கள். முட்டை விலைக்கு நாமக்கல் எப்படியோ, கறிக்கோழி விலைக்குப் பல்லடம் அப்படி. பண்ணை விலையைத் தினமும் அறிவிக்கிற பி.சி.சி. எனும் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழு இருப்பது இங்கேதான்.

முதல்ல அந்த ஹார்மோன் மேட்டரை முடிச்சிடுவோம். வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் பருப்பு மாதிரி செரிச்சுப் போயிடும். வேலை செய்யணும்னா ஊசியாத்தான் போடணும், அதுவும் திரும்பத் திரும்ப. 5,000 கோழியைத் தினமும் புடிச்சு ஊசி போட யாரால் முடியும்? மாமாவும் அத்தையும் சேர்ந்து தண்ணி, தீவனம் பார்ப்பதற்கே பொழுது போய்விடுகிறது!

அப்புறம் எப்படி அவ்வளவு வேகமா வளருது? பரம்பரை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை செய்தார்கள். 1957, 1978, 2005 ஆகிய வருடங்களின் கோழி ரகங்களை ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்தார்கள். 56ஆவது நாளில் 1957 ரகம் சுமார் 900 கிராம், 1978 ரகம் 1.8 கிலோ, 2005 ரகம் 4.2 கிலோ! ஆய்வு 2014இல் வெளியானது. தீவனம் ஒன்றே, வித்தியாசம் ஜீனில். வேகமாக வளர்வதையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் விளைவு.

சரி, அப்ப பிரச்னையே இல்லையா? இருக்கு பாஸ். ஆனா நாம தேடுற இடத்துல இல்லை.

2018 கோடை லீவு. எனக்குப் பதிமூணு வயசு. மாமா தண்ணி டேங்கில் ஒரு வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார். கையில் எது கிடைத்தாலும் வாசிக்கிற பழக்கம் எனக்கு. காலிப் பொட்டலத்தை எழுத்துக்கூட்டினேன். கோலிஸ்டின் சல்ஃபேட்.

"ஏனுங் மாமா, கோழிக்குச் சீக்கா?"

"சீக்கெல்லாம் இல்ல கண்ணு. சீக்கு வராம இருக்கறதுக்கு. சூப்பர்வைசர் குடுத்துட்டுப் போனாரு. இதக் குடுத்தா எடையும் நல்லா நிக்கும்ங்கறாங்க."

அந்தப் பதிலில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. நோய் வந்த கோழிக்கு வைத்தியம் பண்ணுவதில் தப்பில்லை. இது நோயே இல்லாத 5,000 கோழிக்கு, கொஞ்சம் கொஞ்சமாக, தினமும். இது நம்ம ஊர் கண்டுபிடிப்பும் அல்ல. ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் தின்ற குஞ்சுகள் வேகமாக எடை போடுவதை அமெரிக்காவில் 1940களின் கடைசியிலேயே கவனித்தார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. குறைந்த அளவு மருந்தில் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார். கேட்டவர் யார்?

இப்போ ஆஸ்பத்திரிக்கு வாங்க.

போன வருஷம் அம்மாயிக்குக் காய்ச்சல். அம்மாயி மாமாவோடு தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். சிறுநீரில் ஆரம்பித்த தொற்று ரத்தத்துக்குப் போய்விட்டது. கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். மூணு நாளாச்சு, மருந்து மாத்தி மாத்திப் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. நாலாம் நாள் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. வரிசையாக மருந்துகளின் பெயர். எதிரே ஒரே ஒரு எழுத்து. ஆர்... ஆர்... ஆர்...

நான் படிப்பது ட்ரிபிள் ஈ. எங்களுக்கு ஆர் என்றால் ரெசிஸ்டன்ஸ். ஓம் விதி, கணக்கு, பத்து மார்க். அங்கேயும் அது ரெசிஸ்டன்ஸ்தான். அந்த மருந்துக்குக் கிருமி அசையாது என்று அர்த்தம். ஆர் போடாத மருந்து ரெண்டே ரெண்டு. அதில் ஒன்றை டாக்டர் வட்டம் போட்டார்.

"பழைய மருந்தும்மா. கிட்னியைக் கெடுக்கும்னு 1970கள்லயே ஓரங்கட்டினது. இப்ப வேற வழியில்லாம திரும்ப எடுத்திருக்கோம்" என்றார்.

ஃபார்மசி பில்லை வாங்கிப் பார்த்த மாமா அப்படியே நின்றுவிட்டார். "ஏங் கண்ணு... இது நம்ம கோழிக்குக் கலக்குன பொடி இல்ல?"

கோலிஸ்டின்.

அம்மாயிக்கு வந்த கிருமி மாமாவின் ஷெட்டிலிருந்து வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது யாராலும் சொல்ல முடியாத விஷயம். ஆஸ்பத்திரியில் வந்திருக்கலாம். சாக்கடைத் தண்ணியில் வந்திருக்கலாம். சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கி, காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திய மாத்திரைகளால் வந்திருக்கலாம். நம்ம வீடுகளில் அது சகஜம்தானே? நான் சொல்வது வேறு. மனுஷனுக்குக் கடைசியாகக் கைவசம் இருக்கிற மருந்தை, கோழி நூறு கிராம் கூட நிற்பதற்காகச் செலவழித்திருக்கிறோம்.

அது எப்படிக் கடைசி மருந்தாச்சு? 2010இல் 'லான்செட்' குழும இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்களில் முதல் பெயர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்-1 என்ற ஜீன் உள்ள கிருமிகள் இந்தியாவில் பரவிவருவதாகவும், அவற்றிடம் கார்பபெனெம் எனும் வலுவான மருந்துகளே தோற்றுப்போவதாகவும் அது சொன்னது. அந்த ஜீனின் பெயரில் 'நியூ டெல்லி' இருப்பதைப் பற்றி நாட்டில் பெரிய சண்டையே நடந்தது. பெயர் கிடக்கட்டும், கார்பபெனெம் போனால் டாக்டர்கள் கையில் மிச்சம் இருந்தது கோலிஸ்டின் மாதிரி ஒன்றிரண்டுதான்.

2015 நவம்பரில் அதற்கும் வந்தது ஆபத்து. சீனாவில் பன்றிகளிடமும் கறியிலும் நோயாளிகளிடமும் எம்.சி.ஆர்-1 என்ற ஜீனைக் கண்டுபிடித்தார்கள். கோலிஸ்டினைத் தாங்கும் வித்தை அதில் இருந்தது. அதைவிட மோசம், அது இருந்த இடம். பிளாஸ்மிட் என்று ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம், ஒரு பாக்டீரியா இன்னொரு பாக்டீரியாவுக்கு அதை அப்படியே காப்பி எடுத்துக் கொடுக்கும். நம்ம கிளாஸில் ஒருத்தன் ரெக்கார்டு நோட்டை எழுதி முடித்தால் போதும், சாயங்காலத்துக்குள் கிளாஸ் முழுக்க ஜெராக்ஸ் போயிடுமே... அதேதான்! பக்கத்தில் இருப்பவன் வேற டிபார்ட்மென்ட்டாக இருந்தாலும் கொடுக்கும்.

ஷெட்டிலிருந்து அது வெளியே வர வழிகள் நிறைய. ஒரு பேட்ச் கோழி போனதும், தரையில் போட்டிருந்த தென்னை நார்க்கழிவு எச்சத்தோடு சேர்ந்து எருவாகத் தோட்டங்களுக்குப் போகிறது. கழுவுகிற தண்ணி மண்ணில் இறங்குகிறது. கோழி புடிக்கிறவர் கை, கறிக்கடையின் மரக்கட்டை, நம்ம வீட்டு அரிவாள்மனை, எல்லாமே ரூட்டுதான். தட்டில் இருக்கிற பள்ளிபாளையம் சிக்கன் அல்ல முதல் பயம். நல்லா வெந்த கறியில் கிருமி செத்துவிடும். வேகாத கறியும், அதைத் தொட்ட கையும், அது வந்த வழியும்தான் கவலை. இறைச்சியே தொடாத சைவக்காரரும் இந்த லிஸ்ட்டில் உண்டு. கீரைக்கும் அந்த எருதான், ஆஸ்பத்திரியில் படுத்தால் அவருக்கும் அதே மருந்துதான்.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகத்தில் நேரடியாக 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக லான்செட் கணக்கு. நம்ம நாடு மாதிரி சாக்கடை, சுத்தமான தண்ணி, மருந்துக்கடைக் கட்டுப்பாடு எல்லாமே அரைகுறையாக இருக்கிற நாடுகளில்தான் அடி அதிகம்.

சரி, சட்டம் என்ன செய்தது? 2019 ஜூலையில் மத்திய அரசு, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. மாமாவின் ஷெட்டில் இப்போது அந்தப் பொட்டலம் இல்லை. ஆனால் பொட்டலமே இல்லை என்று சொல்ல முடியாது. பெயர்தான் வேறு.

இங்கே நம்ம ஆட்கள் உடனே "விவசாயிங்கதான் பேராசை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் மாமாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனியுடையது. ஷெட், கரண்ட், தண்ணி, வேலை மாமாவுடையது. போன பேட்ச்சுக்கு வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறரை ரூபாய். 5,000 கோழி, தலா ரெண்டு கிலோ என்றால் 65,000 ரூபாய். ஒன்றரை மாச உழைப்பு, அதில் கரண்ட் பில்லும் ஆள் கூலியும் போகணும். கோழி கொஞ்சம் அதிகமாகச் செத்தாலோ, தீவனம் தின்ற அளவுக்கு எடை நிற்கவில்லை என்றாலோ, கூலி ரேட்டிலேயே கை வைப்பார்கள். அந்த நிலைமையில் "சும்மா ஒரு காப்புக்கு" என்று ஒரு பொடியை நீட்டினால், வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? எந்த மருந்து என்று முடிவு செய்கிறவர் ஒருத்தர், இழப்பு வந்தால் தாங்குகிறவர் இன்னொருத்தர்.

வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் எடை கூட்டுவதற்கான ஆன்டிபயாடிக்குகளை 2006 ஜனவரியோடு மொத்தமாக நிறுத்தியது. நெதர்லாந்து 2009க்குப் பிறகு பத்தே வருஷத்துக்குள் கால்நடைகளுக்கான ஆன்டிபயாடிக் விற்பனையைப் பாதிக்கும் மேல் குறைத்தது. அங்கே பண்ணைத் தொழில் படுத்துவிடவில்லை. மந்திரம் ஒன்றுமில்லை. கோழிக்கு இடம் கொஞ்சம் அதிகம், நல்ல காத்தோட்டம், குளோரின் போட்ட தண்ணி, காய்ந்த தரை, வெள்ளைக்கழிச்சலுக்கும் கம்போரோவுக்கும் நேரத்துக்குத் தடுப்பு மருந்து. இந்த ரெண்டும் வைரஸ் நோய். ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் இடம் அதிகம் கொடுத்தால் ஷெட்டில் கோழி எண்ணிக்கை குறையும். அந்தச் செலவை மாமா தலையில் மட்டும் கட்டினால் நடக்காது. கூலியில் ஏத்தணும். அப்படின்னா கறி விலையும் கிலோவுக்குச் சில ரூபாய் ஏறும். அதைக் கொடுக்க நாம ரெடியா?

நம்ம பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கு. பச்சைக் கறியைக் குழாய்க்கு அடியில் வைத்துப் பீய்ச்சிக் கழுவாதீங்க, கிருமி சிங்க் முழுக்கத் தெறிக்கும். கறி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்காதீங்க. கறியைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. சளிக்கும் ஃப்ளூவுக்கும் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே ஆன்டிபயாடிக் கேட்காதீங்க, அதுவும் வைரஸ்தான். டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை சாப்பிடுங்க. செமஸ்டர் லீவில் ரூம்மேட்டின் மிச்ச மாத்திரையை வாங்கிப் போடுற வேலை வேண்டவே வேண்டாம்.

அம்மாயி பிழைத்துவிட்டார். பத்து நாள் டிரிப்பில் அந்த மருந்து, தினமும் கிட்னிக்கு ரத்த டெஸ்ட். முன்ன மாதிரி தோட்டத்தைச் சுத்தி நடக்க முடியவில்லை, வாசல் திண்ணை வரைதான். ஆனால் குரல் மட்டும் குறையவில்லை.

மாமா இப்போது ஷெட் வாசலில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். கட்டம் போட்டுக் கொடுத்தது நான். தேதி, பொட்டலத்தில் இருக்கிற மருந்துப் பெயர், எதற்காக, எத்தனை நாள், மருந்து நிறுத்தி எத்தனை நாள் கழித்துக் கோழி புடிக்கணும். எந்தப் பொடி வந்தாலும் அதில் எழுதிவிட்டுத்தான் டேங்குக்குப் போகும். 'எதற்காக' கட்டத்தை சூப்பர்வைசர்தான் நிரப்பணும் என்பது மாமாவின் ரூல்.

போன பேட்ச்சில் ரெண்டு பொட்டலங்களுக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. ரெண்டும் திரும்பப் போய்விட்டன. கோழி 112 செத்தது. அதற்கு முந்தின பேட்ச்சில் 104.