பூட்டில்லாத வீடு

நியூசிலாந்து தேசத்து மலைக்காடுகளில் சிதறிக் கிடக்கும் பழைய தங்குகுடில்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம், ஒரு கட்டடம் எந்தக் காரியத்தின் பொருட்டு எழுந்ததோ அந்தக் காரியம் ஓய்ந்த பின்னர், அதனினும் மேலான ஒரு தர்மத்திற்கு அது இருப்பிடமாகிவிடுவதுண்டு என்பது எனக்கு விளங்குகிறது.

அவற்றுள் பல, கொலைத் தொழிலுக்காகத் தோன்றியவை. வௌவாலன்றி வேறு பூர்விக நிலப் பாலூட்டியே இல்லாத அத்தீவுகளுக்கு, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் குடியேறிகள் வேட்டை விநோதத்திற்காகச் செம்மான்களைக் கொண்டுவந்தார்கள். அவை பல்கிப் பெருகி இளமரக்கன்றுகளை மேய்ந்து தீர்க்கவே, 1930 முதல் அரசாங்கமே கூலிக்கு ஆள் வைத்து மான்களைச் சுடத் தொடங்கிற்று. கித்தான் கூடாரங்களில் மாதக்கணக்காக நனைந்து கிடந்த அந்த வேட்டைக்காரர்களுக்காக, 1956இல் இப்பொறுப்பை ஏற்ற வனத்துறை, எட்டாத பள்ளத்தாக்குகளில் சாமான்களை விமானத்திலிருந்து போட்டுக்கூடக் குடில்கள் கட்டிற்று.

அத்தகைய குடிலொன்றில், ஆற்று வெள்ளம் வடியும்வரை நான் காத்திருக்க நேர்ந்தது. நெளிதகரக் கூரை, பலகைப் படுக்கைகள், புகையேறிக் கறுத்த கணப்பு. இவ்வளவே அதன் சம்பத்து. ஆனால் கணப்பின் ஓரத்தில் பிளந்த பீச் மரத்து விறகு பருமன்வாரியாக அடுக்கியிருந்தது. அதன்மேல் கத்தியால் சீவிய சிராய்கள் ஒரு கைப்பிடி, ஈரம்படாமல் இருந்தன. என் முகமறியாத ஒருவர், தாம் புறப்படுமுன், நனைந்து நடுங்கி வரப்போகும் யாரோ ஒருவருக்காக உட்கார்ந்து சீவி வைத்தவை அவை. நம் நாட்டுச் சாலையோரச் சுமைதாங்கிக் கல்லை நட்டவர்களின் மனமும் இத்தகையதாகவே இருந்திருக்கும்.

ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கிற்று. வந்தவர் பெயர், வந்த வழி, போகும் வழி எல்லாம் அதில் எழுதுவது மரபு. வழிதவறியவரைத் தேடுவோர் அதைத்தான் பார்ப்பார்கள். நீரில் மூழ்கி மாய்வதை அந்நாட்டுக்கே உரிய சாவு என்று முற்காலத்தில் சொல்லுமளவுக்கு ஆறுகள் கொடியவையாதலால், அந்தப் பென்சில் வரிகளை நான் மிகுந்த மரியாதையுடன் வாசித்தேன்.

1987 முதல் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பில் 900க்கும் மேற்பட்ட குடில்கள் இருந்துவருகின்றன. சரித்திரச் சின்னம் என்று மதிக்கத்தக்க ஒன்றைப் பூட்டிக் காட்சிப்பொருளாக்குவது வேறிடங்களில் நியாயமாகலாம்; இவ்விடத்தில் அது அநீதி என்பதே என் திடமான அபிப்பிராயம். உபயோகத்தால் தேய்வதைப் பழுதுபார்த்துக்கொள்ளலாம். மலையேற்றச் சங்கத்தாரும் வேட்டைக்காரர்களும் ஊதியமின்றி அங்கே சென்று, துருவேறிய தகரத்தைப் பெயர்த்துப் புதியது அடித்து, அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.